மூலம் இல்லாத வானம்

தொண்ணூறுகளின் நடுவில் தமிழகத்தின் சிறுநகரங்களில் பள்ளிக்குச் சென்றவர்களுக்கு 'வீடியோ கேம்' என்ற சொல் ஏறத்தாழ ஒரே பொருளையே குறித்தது. எங்கோ யாரோ வார்த்த ஒரு பிளாஸ்டிக் பெட்டி; அதன் தலையில் செருகும் ஒரு கேசட்; கேசட்டின் மேல் ஒட்டிய தாளில் '9999 இன் 1' என்ற கூச்சமற்ற பொய். ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் பெட்டியின் ஒயரைச் செருகி, தொலைக்காட்சியின் ட்யூனிங் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால், இரைச்சலுக்கும் வெண்புள்ளி மழைக்கும் நடுவிலிருந்து மரியோ எழுந்து வருவான். எங்கள் வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. ஆகவே மரியோவின் வானம் எங்களுக்குச் சாம்பல் நிறம். எதிர்வீட்டு வண்ணத் தொலைக்காட்சியில் அது நீலம். இரண்டு தெரு தள்ளி, வேறொரு பெட்டியில், வேறொரு தொலைக்காட்சியில், அது ஊதாவை நோக்கிச் சாய்ந்த ஏதோ ஒன்று.

எது சரியான வானம் என்று அன்று நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம். எல்லாவற்றுக்கும் பின்னால் எங்கோ ஒரு அசல் வானம் இருக்கிறது, நம் கைக்கு வந்து சேர்ந்தவை அதன் கெட்டுப்போன நகல்கள் என்பதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. அந்த நம்பிக்கை எங்களுடையது மட்டுமன்று. பழைய விளையாட்டுப் பெட்டிகளைத் திறந்து, சில்லுகளைப் பெயர்த்து, கம்பிகளை மாற்றிப் பற்றவைத்து, இன்னும் தெளிவான படத்தை அவற்றிலிருந்து வரவழைக்க முயன்றவர்கள் உலகின் பல மூலைகளில் உண்டு. அவர்கள் எல்லோரையும் செலுத்தியதும் இதே நம்பிக்கைதான். அவர்களின் வரலாறு சுவையானது. அதில் சிறிது இரத்தக்கறையும் உண்டு.

முதலில் அந்த ஆன்டெனா ஒயர். ரால்ஃப் பேர் என்ற பொறியாளர் 1966-இல் தொலைக்காட்சியில் விளையாடலாம் என்ற எண்ணத்தைக் குறித்துவைத்தபோது, அமெரிக்க வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் நுழைய ஒரே ஒரு வாசல்தான் இருந்தது. அது வானொலி அலைக்கான வாசல். ஆகவே 1972-இல் அவரது கண்டுபிடிப்பு 'மேக்னவாக்ஸ் ஒடிஸி' என்ற பெயரில் கடைக்கு வந்தபோது, அது ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையமாக வேடமிட்டுத்தான் வந்தது. படத்தை ஓர் அலைவரிசையின் மேல் ஏற்றி அனுப்பும். தொலைக்காட்சி அதைத் தூரத்து நிலையம் என்று நம்பி ஏமாறும். அடுத்த பல ஆண்டுகளுக்கு வந்த பெட்டிகள் பெரும்பாலும் இதே வேடத்தைத்தான் அணிந்தன.

வேடத்துக்குள் இன்னொரு வேடமும் உண்டு. அமெரிக்காவில் 1953-இல் வண்ண ஒளிபரப்புக்கான என்டிஎஸ்சி முறை ஏற்கப்பட்டபோது, ஏற்கெனவே வீடுகளில் இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளும் அதே சமிக்ஞையைக் காட்டவேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. அதனால் ஒளியின் அளவைச் சொல்லும் அலைக்குள்ளேயே, விநாடிக்கு ஏறத்தாழ 35 லட்சத்து 80 ஆயிரம் முறை துடிக்கும் இன்னோர் அலையாக வண்ணம் ஒளித்துவைக்கப்பட்டது. அந்தத் துடிப்பு எவ்வளவு முன்னே பின்னே விழுகிறது என்பதே நிறம். எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பது நிறத்தின் செறிவு. ஒரே கம்பியில் இரண்டும் போவதால் இதைக் 'காம்போசிட்' என்கிறார்கள். பெறும் பெட்டி இரண்டையும் மறுபடி பிரித்தெடுக்க வேண்டும். முழுமையாகப் பிரிப்பது எளிதல்ல. கூர்மையான விளிம்புகளை வண்ணமென்றும், வண்ணத்தை விளிம்பென்றும் அது தவறாக வாசிக்கும். எழுத்துகளின் ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல் புள்ளிகள் நகர்வது இதனால்தான். துடிப்பு சற்றே பிசகினாலும் நிறம் மாறிவிடும். என்டிஎஸ்சி என்பதன் விரிவே 'ஒருபோதும் ஒரே நிறமில்லை' என்பதுதான் என்று பொறியாளர்கள் கேலி செய்வார்கள். (நம் நாட்டுக்கு வந்த பால் முறை இந்த ஒரு நோயைப் பெருமளவு குணப்படுத்தியது. எங்கள் தெருவின் வானச் சண்டைக்கு நகல் பெட்டிகளும் பங்களித்திருக்க வேண்டும்.)

ஆனால் பெரும்பாலான விளையாட்டுப் பெட்டிகளுக்குள் படம் இப்படிக் கலங்கிப் பிறப்பதில்லை. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று தனித்தனி அளவுகளாகத்தான் பிறக்கிறது. பிறகு ஒரு சில்லு அவற்றைக் காம்போசிட்டாகக் கலக்கும். இன்னொரு சிறு தகரப் பெட்டி அதை அலைவரிசையில் ஏற்றும். ஆகவே தெளிந்த படம் வேண்டுவோர் செய்யவேண்டியது, ஆற்றில் எதிர்த்து நடப்பது. கலக்கும் இடத்துக்கு மேலே சென்று மூன்று ஓடைகளையும் தனித்தனியே பிடித்துத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனால் போதும். சேகாவின் மெகா டிரைவிலும் நிண்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாமிலும் இதற்குப் பெட்டியைத் திறக்கவே தேவையில்லை. பின்பக்கச் செருகியிலேயே மூன்றும் கிடைக்கும். பிரான்சில் 1980-களின் தொடக்கம் முதல் புதிய தொலைக்காட்சிகளில் 21 முனைகள் கொண்ட 'பெரிடெல்' செருகி கட்டாயமாக்கப்பட்டிருந்ததால், அங்கே சாதாரண வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த ஊற்றுநீர் கிடைத்தது. அமெரிக்கப் பெட்டிகளின் முதுகிலும் அதே மூன்று ஓடைகள் இருந்தன. ஆனால் அவற்றை வாங்கிக்கொள்ளும் வாசல் அமெரிக்க வீட்டுத் தொலைக்காட்சிகளில் இல்லை.

நமக்குத் தெரிந்த மரியோ பிறந்த பெட்டியில் மட்டும் கதை வேறு. அங்கே ஆற்றில் எத்தனை தூரம் எதிர்த்து நடந்தாலும் ஊற்று வராது.

ஃபாமிகாம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் 14,800 யென் விலைக்கு வெளிவந்தது. அதை வடிவமைத்த குழுவின் தலைவர் மசாயுகி உவெமுரா, 2021-இல் மறைந்தார். மலிவாக இருக்கவேண்டும் என்பதே அவருக்கு இடப்பட்ட முதல் நிபந்தனை. படம் வரையும் பொறுப்பு ரிக்கோ நிறுவனம் செய்த 2சி02 என்ற ஒற்றைச் சில்லுக்குத் தரப்பட்டது. மற்ற பெட்டிகளில் இரண்டு மூன்று சில்லுகள் பகிர்ந்துகொண்ட வேலையை அது தனியாகச் செய்தது. எப்படி? சிவப்பு பச்சை நீலம் என்ற கட்டத்தையே தாண்டிவிட்டது. அதன் நினைவில் நிறம் என்பது ஓர் எண் மட்டும். எண்ணின் ஒரு பகுதி ஒளியின் நான்கு படிகளில் ஒன்றைச் சொல்லும். மற்றொரு பகுதி, வண்ணத் துடிப்பு பன்னிரண்டு இடங்களில் எங்கே விழவேண்டும் என்று சொல்லும். சில்லின் கடிகாரம் வண்ணத் துடிப்பைப்போல் சரியாக ஆறு மடங்கு வேகம் கொண்டது. ஒவ்வொரு துடிப்பின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் எண்ணினால் பன்னிரண்டு. பன்னிரண்டு கட்டங்கள், பன்னிரண்டு சாயல்கள். அந்த எண்ணைக் கொண்டு சில்லு நேரடியாகக் காம்போசிட் அலையையே, முரட்டுச் சதுர வடிவில், வெட்டி வெளியே தள்ளும்.

இது எத்தனை புத்திசாலித்தனம் என்பதைப் பொறியியல் அறியாத நம்மாலும் ரசிக்க முடியும். ஆனால் இதன் பொருளைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். மரியோவின் வானத்தைச் சில்லு அறிந்திருப்பது 'இரண்டாம் சாயல், மூன்றாம் ஒளிப்படி' என்ற அளவில்தான். அது எந்த நீலம் என்று அதற்குத் தெரியாது. அதைத் தீர்மானிப்பது எதிரே இருக்கும் தொலைக்காட்சி. அமெரிக்கப் பெட்டிகளில் சாயலைத் திருப்ப ஒரு திருகே இருந்தது. அதைத் திருப்பியவரின் கையும் தீர்மானித்தது. ஜப்பானியத் தொலைக்காட்சிகளின் வெண்மை அமெரிக்கப் பெட்டிகளின் வெண்மையைவிட நீலம் கலந்தது, அதுவும் தீர்மானித்தது. இதிலொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. வண்ணத் துடிப்பு ஒருமுறை முழுதாகச் சுழன்று முடிக்கும் நேரத்தில் சில்லு ஒன்றரைப் புள்ளிகளை வரைந்துவிடுகிறது. அதாவது தனித்த ஒரு புள்ளிக்குத் தன் நிறத்தை முழுதாகச் சொல்லி முடிக்க அவகாசமே இல்லை. பக்கத்துப் புள்ளியின் நிறத்தோடு கலந்துதான் அது திரைக்கு வர முடியும். மங்கல் என்பது அந்தப் படத்தின் மேல் படிந்த தூசி அல்ல, படத்தின் இழையிலேயே நெய்யப்பட்டது.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் இது புரிபட்டிருக்க வேண்டும். ஃபாமிகாமின் மேற்கத்திய வடிவமான என்இஎஸ் பிரான்சில் விற்கப்பட்டபோது, அதிலும் பெரிடெல் செருகிக்கான மூன்று ஓடைகள் இருந்தன. ஆனால் உள்ளே நடந்தது வேறு. சில்லு தந்த காம்போசிட்டை ஒரு துணைச்சுற்று பிரித்து மூன்றாக்கி அனுப்பியது. கலந்த சாம்பாரிலிருந்து பருப்பையும் புளியையும் பிரித்து மூன்று கிண்ணங்களில் பரிமாறியதுபோல.

இருந்தும் ஊற்றைத் தேடியவர்கள் ஓய்வதாயில்லை. நிண்டெண்டோவே அவர்களுக்கு ஒரு துப்பு விட்டுச்சென்றிருந்தது. விளையாட்டுக்கூடங்களில் காசு போட்டு ஆடும் பெரிய எந்திரங்களின் திரைகள் காம்போசிட்டை வாங்குவதில்லை, மூன்று நிறங்களையும் தனித்தனியாகத்தான் வாங்கும். ஆகவே அந்த எந்திரங்களுக்காக ரிக்கோ 2சி03 என்ற உடன்பிறப்பைச் செய்தது. ஒரு நிறத்துக்கு எட்டுப் படிகள் வீதம், சிவப்பு பச்சை நீல அளவுகள் அதற்குள்ளேயே ஓர் அட்டவணையாகப் பொறிக்கப்பட்டிருந்தன. 1986-இல் வந்த 'பிளேசாய்ஸ்-10' என்ற எந்திரத்தில் அது இருந்தது. பத்து விளையாட்டுகளைச் செருகி வைக்கலாம். காசு போட்டால் நேரம் கிடைக்கும். வீட்டில் ஆடும் விளையாட்டுகளை முன்கூட்டி ருசிபார்க்க அமைத்த கடைவாசல் அது. மிக முக்கியமாக, 2சி03-இன் நாற்பது கால்களும் ஏறத்தாழ 2சி02-இன் கால்களின் அதே இடத்தில் நின்றன.

அதற்குப் பிறகு நடந்ததை ஊகிக்கலாம். தெளிந்த படம் தேடியவர்கள் பிளேசாய்ஸ்-10 பலகைகளை விலைக்கு வாங்கினார்கள். நாற்பது கால்களின் ஈயத்தையும் உருக்கி உறிஞ்சி, சில்லைப் பெயர்த்தார்கள். அதை வீட்டுப் பெட்டியில் பொருத்தி, மூன்று சிறு பெருக்கிகளைச் சேர்த்து, மூன்று கம்பிகளை வெளியே இழுத்தார்கள். ஒரு வீட்டுப் பெட்டி தெளிவதற்கு ஒரு கூடத்து எந்திரம் குருடாக வேண்டும். நிண்டெண்டோவின் மற்றொரு கூட வரிசையான 'வெர்ஸஸ்' எந்திரங்களில் 2சி04 என்ற இன்னொரு வகையும் இருந்தது. ஒரு விளையாட்டின் பலகையில் மற்றொன்றை ஓடவிடாமல் தடுப்பதற்காக அதன் நிற அட்டவணை வேண்டுமென்றே கலைத்துப்போடப்பட்டிருந்தது. அதைப் பெயர்த்து வீட்டுப் பெட்டியில் வைத்தால் பச்சைப் புல் எந்த நிறத்தில் வரும் என்று சொல்ல முடியாது.

இந்த உறுப்புமாற்றத்தை நாம் எளிதில் கண்டித்துவிடலாம். ஆனால் அதைச் செய்தவர்கள் அந்த விளையாட்டுகளை வெறுத்தவர்கள் அல்லர், மிகையாக நேசித்தவர்கள். ஒரு கோயிலைப் புதுப்பிக்க இன்னொரு கோயிலின் தூண்களைப் பெயர்த்தவர்களும் பக்தர்களாகவே இருந்திருப்பார்கள்.

கிடைத்த படம் எப்படி இருந்தது? கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது. விளிம்பில் எறும்பு இல்லை, மங்கல் இல்லை. ஆனால் நிறங்கள் வேறாக இருந்தன. 2சி03-இன் அட்டவணை கூடத்துத் திரைக்காக யாரோ தேர்ந்துவைத்த அட்டவணை. அதில் சில சாம்பல் நிறங்கள் இல்லை. திரை முழுவதற்கும் ஒரு சாயல் பூச வீட்டுச் சில்லில் இருந்த வசதி மற்ற நிறங்களைச் சற்றே இருட்டாக்கும்; கூடச் சில்லிலோ அதே கட்டளை அந்த நிறத்தை முழு வெளிச்சத்துக்கு ஏற்றிவிடும். ஆகவே அந்தியின் மங்கலைக் காட்ட நினைத்த விளையாட்டு கண்கூசும் வெள்ளைத் திரையைக் காட்டி நின்றது. ஊற்று என்று நினைத்துத் தேடிப்போன இடத்தில் இருந்தது இன்னொரு கிணறு.

ஏட்டுச்சுவடிகளோடு பழகியவர்களுக்கு இந்த நிலைமை அறிமுகமானதுதான். பத்துச் சுவடிகளில் பத்துப் பாடபேதங்கள். பதிப்பாசிரியர் ஒன்றை மேலே ஏற்றி மற்றவற்றை அடிக்குறிப்பில் இறக்குகிறார். ஆனால் அவருக்குக் கவிஞன் எழுதிய பாடம் ஒன்று இருந்தே தீரவேண்டும் என்ற ஆறுதலாவது உண்டு. ஃபாமிகாமின் வானத்துக்கு அந்த ஆறுதலும் இல்லை. எண் உண்டு, நிறம் இல்லை. ஒவ்வொரு தொலைக்காட்சியும் ஓர் உரையாசிரியன்.

நிண்டெண்டோ 2003-இல் ஃபாமிகாம் உற்பத்தியை நிறுத்தியது. உதிரிப்பாகங்கள் தீர்ந்துபோக, 2007-இல் பழுதுபார்ப்பதையும் நிறுத்தியது. அதன்பின் அந்தப் பெட்டிகளின் பொறுப்பு முழுக்க ஆர்வலர்களின் கைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டிம் வொர்திங்டன் 2013 வாக்கில் 'என்இஎஸ்ஆர்ஜிபி' என்ற சிறு பலகையை வெளியிட்டபோது, உறுப்புமாற்றத்தின் காலம் ஏறத்தாழ முடிந்தது. 2சி02 சில்லில் நான்கு கால்கள் வெளியுலகத்தோடு நிற எண்களைப் பரிமாறிக்கொள்ளவென்று வைக்கப்பட்டவை. வீட்டுப் பெட்டியில் அவை ஒரு வேலையும் செய்யாமல் தரையோடு இணைக்கப்பட்டுக் கிடந்தன. வொர்திங்டனின் பலகை சில்லைத் தூக்கித் தன்மேல் அமர்த்திக்கொண்டு, அந்த நான்கு ஊமைக் கால்களையும் பேசவைத்தது. மையச் செயலி சில்லுக்கு அனுப்பும் நிறக் கட்டளைகளையும் நடுவிலிருந்து ஒட்டுக்கேட்டது. இரண்டையும் சேர்த்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் எந்த நிற எண் என்பது தெரிந்துவிடும். காம்போசிட்டாக மாறுமுன்பே எண்ணைப் பிடித்தாயிற்று. யாரும் குருடாக வேண்டியதில்லை.

ஆனால் எண்ணைத்தான் பிடிக்க முடிந்தது. அதற்கு எந்த நீலத்தைத் தருவது? அந்தப் பலகையில் அதற்கு ஒரே விடை இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட நிற அட்டவணைகளை வைத்து, தேர்ந்தெடுக்க ஓர் இணைப்பையும் தந்திருந்தார்கள். நமக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதி அந்தச் சிறிய இணைப்புதான். பாடபேதங்களை ஒளிக்காமல் வாசகன் கையில் கொடுத்த பதிப்பு அது. இத்தனைக்குப் பிறகும், 2015-இல் அனலாக் நிறுவனம் வெளியிட்ட அலுமினிய உடல் கொண்ட 'என்டி' பெட்டிக்குள் இருந்தவை பழைய ஃபாமிகாம்களிலிருந்து பெயர்த்தெடுத்த அசல் சில்லுகள். பழைய பழக்கம் எளிதில் போகாது.

மங்கலை நோயாக மட்டுமே கண்டவர்களுக்கு மெகா டிரைவ் ஒரு பாடம் வைத்திருந்தது. அந்தப் பெட்டியில் ஊற்று உண்டு என்று முன்பே சொன்னோம். பெட்டியைத் திறக்காமலே, சரியான ஒயர் ஒன்றை வாங்கி அங்கே சென்றுவிடலாம். சென்றவர்கள் 1991-இல் வந்த 'சோனிக்' விளையாட்டின் முதல் கட்டத்தில் அருவியைப் பார்த்துத் திகைத்தார்கள். தண்ணீர் இல்லை. ஒன்றுவிட்டு ஒன்றாகச் செங்குத்துக் கோடுகள். மூங்கில் தட்டியைத் தொங்கவிட்டதுபோல. அந்தப் பெட்டிக்குக் கண்ணாடிபோல் ஊடுருவும் நிறங்களைக் காட்டும் திறன் இல்லை. ஓவியர்கள் கோடுகளை இடைவிட்டு வரைந்தார்கள். காம்போசிட்டின் மங்கல் கோட்டையும் பின்புறத்தையும் கலந்து, பாறை ஊடே தெரியும் நீராக ஆக்கியது. நோய் என்று கருதப்பட்டதை அவர்கள் தூரிகையாகப் பிடித்திருந்தார்கள். ஊற்றுவரை சென்றவனுக்குக் கிடைத்தது ஓவியம் அல்ல, ஓவியனின் கோட்டுக்குறிப்பு.

இதற்கிடையே தொலைக்காட்சிகளே மாறிவிட்டன. படக்குழாய்கள் போய்த் தட்டைத் திரைகள் வந்தன. பழைய பெட்டிகள் ஒன்றுவிட்டு ஒரு வரியை வரையும் ஒளிபரப்பு முறையைப் பின்பற்றாமல், ஒவ்வொரு முறையும் அதே 240 வரிகளின் மேலேயே வரைந்தன. படக்குழாய் அதைக் கேள்வி கேட்காமல் ஏற்றது. தட்டைத் திரைகளில் பல அதைச் சாதாரண ஒளிபரப்பு என்று எண்ணி, அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒன்றாகத் தைத்தன. அடிபட்ட வீரன் மினுக்கி மறைவது சில விளையாட்டுகளில் வழக்கம். அந்தத் தையலில் அவன் முழுதாகவே காணாமல் போனான். பொத்தானை அழுத்துவதற்கும் அவன் குதிப்பதற்கும் நடுவில் கணநேரத் தாமதமும் சேர்ந்தது. நாற்பதாண்டு விளையாடிய விரல் அதைப் பொறுக்காது.

எனவே நடுவில் நின்று மொழிபெயர்க்கும் பெட்டிகள் வந்தன. ஜப்பானின் மைகாம்சாஃப்ட் செய்த ஃப்ரேம்மெய்ஸ்டர் பல ஆண்டுகள் இத்துறையின் அரசனாக இருந்தது. ரெட்ரோடிங்க் வரிசை பின்னால் வந்தது. அதன் 4கே வடிவம் 2023-இன் இறுதியில் விற்பனைக்கு வந்தது. பழைய 240 வரிகளைப் பிசிறின்றி வாங்கி, புதிய திரையின் ஆயிரக்கணக்கான வரிகளுக்குப் பெருக்கித் தருவதே இவற்றின் வேலை. ஆனால் அந்த 4கே பெட்டியின் பேசப்படும் சிறப்புகளில் ஒன்று வேறு. படக்குழாயின் உள்ளே இருந்த நுண்துளைத் தகட்டின் சாயலை, வரிகளுக்கு நடுவே விழும் இருட்டை, பொலிவுமிக்க இடங்கள் சற்றே கசிந்து பரவுவதை, தட்டைத் திரையின் மேல் கணக்கிட்டுப் போட்டுக் காட்டும். நாற்பது கால்களின் ஈயத்தை உருக்கி எதை விரட்டினார்களோ, அதன் ஒரு பகுதியைப் பட்டியலிலிருந்து தேர்ந்து, வேண்டிய அளவு வைத்துக்கொள்ளலாம்.

சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் வீட்டில், வண்ண அட்டவணை மாற்றும் பலகை பொருத்திய என்இஎஸ் பெட்டி ஒன்றைப் பார்க்க வாய்த்தது. அவர் மாற்றி மாற்றிக் காட்டினார். முதல் அட்டவணையில் வானம் எதிர்வீட்டு நீலம். அடுத்ததில் இரண்டு தெரு தள்ளி இருந்த அந்த ஊதா. 'உங்களுக்கு எது சரியாகப் படுகிறது?' என்று கேட்டார். திரையின் அமைப்புப் பட்டியலுக்குள் போய், நிறச்செறிவை முழுவதுமாகக் குறைக்கச் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே குறைத்தார். சாம்பல் வானத்தின் கீழ் மரியோ இடதுபுறமிருந்து ஓடி வந்தான்.